தேவையற்றவை நீக்கப்பட்டன

எங்க கம்பெனி போன தலைமுறையில கிணத்து மோட்டார் செஞ்சுட்டு இருந்துச்சு. இப்ப நெஞ்சு மோட்டார் செய்யுது. எங்க பீளமேட்டுக்காரங்களுக்கு ரெண்டும் பெரிய வித்தியாசம் இல்லைங்க. அது தண்ணி இறைக்குது, இது ரத்தம் இறைக்குது. இருதயம் தளர்ந்து போனவங்களுக்கு நெஞ்சுக்குள்ள வச்சுத் தச்சுடுவாங்க. எலுமிச்சம்பழம் பெருசு இருக்கும். வெளியில இடுப்புல ஒரு பேட்டரி. எங்க முதலாளி நாச்சிமுத்து அண்ணன் இன்னும் பழைய பழக்கத்துல டாக்டர்கள்கிட்டப் போய் ஹெச்.பி. கணக்குல பேசி மானத்தை வாங்குவார்.

நான் தாரணி. அந்த மோட்டார் எப்ப வேகமா ஓடணும், எப்ப மெதுவா ஓடணும்னு சொல்ற புரோகிராமை எழுதறவ. என் வீட்டுக்காரர் மௌலி கணபதி ஏரியாவுல பேக்கரி வச்சிருக்கார். ஒரு வைரஸ் காய்ச்சல்ல இருதயம் வீங்கிப் போய், இப்ப அவர் நெஞ்சுல ஓடறதும் எங்க மோட்டார்தான். "பொண்டாட்டி சொன்னபடிதான் என் ரத்தமே ஓடுது"ன்னு டீ குடிக்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் பொத்துக்கிட்டு வரும். பயத்துல வர்ற கோபம்னு அவருக்குத் தெரியும், அதனால ஒண்ணும் சொல்ல மாட்டார்.

பொள்ளாச்சியில ஆறுச்சாமின்னு ஒரு தேங்காய் வியாபாரி. அவருக்கும் எங்க மோட்டார்தான். பிள்ளையார் கோயில்ல தோப்புக்கரணம் போட்டுட்டு இருந்தவர், குந்தி எந்திரிக்கையில அப்படியே சாஞ்சுட்டார். உயிர் தப்புச்சு. ஆனா வலது கையும் காலும் விளங்காம போயிருச்சு. அவர் மோட்டார்ல பதிவானதெல்லாம் என் மேசைக்கு வந்துச்சு. மனுஷன் குந்தி எந்திரிக்கும்போது ரத்தம் சட்டுனு காலுக்கு இறங்கும், இருதயத்துல குறையும். கிணத்துல தண்ணி வத்தினா மோட்டார் காத்து இழுக்கற மாதிரி, இது இருதயத்துச் சதையையே இழுத்துப் பிடிச்சுக்கும், மூளைக்கு ரத்தம் போகாது. அதனால அந்த நேரத்துல மோட்டார் தானா மெதுவாகணும். அதுக்குன்னே நான் எழுதி வச்சிருந்தேன். ஆறுச்சாமி மோட்டார் மெதுவாகவே இல்லை.

நான் எழுதினதை எடுத்துப் பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் கம்பைலர் திருப்பிக் கொடுத்ததைப் பிரிச்சுப் பார்த்தேன். நான் எழுதின அந்தப் பகுதியே அதுல இல்லை.

அன்னைக்குச் சாயங்காலம் பேக்கரிக்குப் போய், மௌலிகிட்டச் சொல்லாம இருக்க முடியலை, சொன்னேன்.

"கம்பைலர்னா என்ன அம்மிணி?" அவர் பன்னை அடுக்கிக்கிட்டே கேட்டார்.

"நான் எனக்குப் புரியற மாதிரி எழுதறேன் மாமா. மோட்டாருக்கு அது புரியாது. அதுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கறதுதான் கம்பைலர். சும்மா மாத்தாது. தேவையில்லாததைத் தூக்கிட்டு, சுருக்கி, வேகமாக்கிக் கொடுக்கும்."

"நல்லதுதானே."

"நம்ம வீட்டுக்கு வந்தவங்களைச் சாப்பிடுங்கன்னு ஒருக்கா கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்பாங்க."

"மறுக்கா கேட்டா?"

"கொஞ்சமா வைங்கம்பாங்க."

"இது மறுக்கா கேக்காது. ஒருக்கா கேட்டாச்சு, நடுவுல யாரும் எதையும் மாத்தலை, அதே பதில்தான் வரும்னு ரெண்டாவது கேள்வியைத் தூக்கிருது. நான் என்ன எழுதியிருக்கேன்னா, இருதயத்துல ரத்தம் எவ்வளவு இருக்குன்னு ஒருக்கா பாரு, ஒரு இமைப்பொழுது கழிச்சு இன்னொருக்கா பாரு, நடுவுல குறைஞ்சிருந்தா மெதுவாப் போ. இது ரெண்டாவதைப் பார்க்கறதே இல்லை. முதல்ல பார்த்ததையே ரெண்டாவதுன்னு வச்சுக்குது. அப்ப வித்தியாசம் எப்பவும் பூஜ்யம். எப்பவும் பூஜ்யம்னா மெதுவாப் போற பகுதி எதுக்குன்னு அதையும் சேர்த்துத் தூக்கிருச்சு."

அவர் பன் அடுக்கறதை நிறுத்திட்டார்.

"என்னோட மோட்டார்லயும் அந்தப் பகுதி இல்லையா?"

"இல்லை மாமா."

"நான் தினமும் கீழ் ஓவன் டிரேயை எடுக்கக் குந்தி எந்திரிக்கறேனே."

"இனிமே எந்திரிக்காதீங்க. குந்தாதீங்க" ன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துருச்சு. பப்ஸ் வாங்க வந்த ஒருத்தர் சில்லறையை வச்சுட்டு, பப்ஸ் எடுக்காமலே போயிட்டார்.

வேற கம்பைலர் போட்டுக்க வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. நாச்சிமுத்து அண்ணனும் அதைத்தான் கேட்டார். போட முடியாது. உடம்புக்குள்ள வைக்கற எந்த மெஷினுக்கும் அந்த ஒரு கம்பைலரைத்தான் போடணும்னு உலகம் பூராவும் சட்டம். யாரோ எங்கயோ மோட்டாருக்குள்ள திருட்டுத்தனமா புகுந்து ஆளைக் கொன்னதுக்கப்புறம் போட்ட சட்டம். நல்லதுக்குத்தான் போட்டாங்க, குறை சொல்ல முடியாது. நாம எழுதினதை அதுக்கு அனுப்பணும், ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு காரணமும் எழுதணும், அது மாத்திக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். கையெழுத்து இல்லாததை மோட்டார் ஏத்துக்காது. அந்தக் கையெழுத்தும் மூணு மாசம்தான் செல்லும். அப்புறம் மறுபடி அனுப்பி, அன்னைக்கு இருக்கற கம்பைலர்கிட்டப் புதுசா வாங்கணும். அதை இப்ப யாரும் எழுதறதும் இல்லைங்க. தானாப் படிச்சுத் தானா வளருது. முதல்ல எழுதினவங்க எல்லாம் ரிட்டயர் ஆகிப் போயிட்டாங்க. 'இதை ரெண்டு தடவை படி, தூக்கிடாதே'ன்னு சொல்ல அந்தக் காலத்துல ஒரு சொல் இருந்துச்சு. நானும் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் எழுதியிருந்தேன். இப்ப அதை ஒரு ஆலோசனையா மட்டும் எடுத்துக்குதாம்.

சரி, தப்பு இருந்தா சொல்ல ஒரு இடம் இருக்குமில்ல. இருக்கு. அதுக்கு மித்ரான்னு பேரு. அதுவும் மெஷின்தான், குரல் மட்டும் கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கற பொண்ணு மாதிரி. புரோகிராமை நிரல்னும், அளவைப் பார்க்கறதை வாசிப்புன்னும், அளவைப் போட்டு வைக்கற பேரை மாறின்னும் சுத்தத் தமிழ்ல சொல்லும்.

"வணக்கம் தாரணி. உங்கள் நிரலில் இருந்த தேவையற்ற வாசிப்பு ஒன்றை நீக்கி, அதன் அளவைக் குறைத்திருக்கிறோம். வாழ்த்துகள்."

"அது தேவையற்றது இல்லை. அந்த அளவு நடுவுல மாறும்."

"உங்கள் நிரலில் அதை மாற்றும் வரி எதுவும் இல்லை."

"மாத்தறது நிரல் இல்லைம்மா. மனுஷன். அவன் எந்திரிச்சு நிக்கறான்."

"மனுஷன் என்ற பெயரில் எந்த மாறியும் உங்கள் நிரலில் காணப்படவில்லை."

நான் போனைத் தூக்கிப் போடாம இருந்தது பெரிய விஷயம். ஆறுச்சாமியோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை அனுப்பினேன். மருத்துவம் சார்ந்தது, மருத்துவரை அணுகவும்னு பதில் வந்துச்சு. புகாரை மூடிருச்சு. மறுபடி திறந்தேன். இது ஏற்கெனவே மூடப்பட்ட புகாரின் நகல்னு சொல்லி அதையும் மூடிருச்சு. வேற மாதிரி எழுதினா கண்டுக்குமோன்னு நினைச்சு வேற மாதிரி எழுதினேன். அதுவும் நகல்தானாம். கெரகம் புடிச்சது, என்னோட புகாரையே ஒருக்கா பார்த்துட்டு மறுக்கா பார்க்க மாட்டேங்குது. இந்த உரையாடல் உங்களுக்குப் பயனளித்ததான்னு கேட்டு அஞ்சு நட்சத்திரத்தை நீட்டுச்சு. ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். ஏன்னு கேட்டுச்சு. எழுதினேன். அதையும் நகல்னு மூடிருச்சு.

எங்க பக்கத்துல, இந்த மாதிரி மெஷின் செய்யற கம்பெனிகள்ல, ஒரு வழக்கம் உண்டு. யாரும் வெளியில சொல்லிக்க மாட்டோம். கம்பைலர் கண்ணு பட்டுத் தூக்கிடக் கூடாதுன்னா, அந்த இடத்துல ஒண்ணுக்கும் உதவாத ஒரு வரியை வச்சு விட்டுடறது. அதுக்கு என்னன்னு புரியாது. நடுவுல ஏதோ நடக்குது போலன்னு நினைச்சுக்கிட்டு சுத்தியிருக்கறதைத் தொடாம விட்டுரும். இதுக்கு நாங்க திருஷ்டிப் பொட்டுன்னு பேரு வச்சிருக்கோம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கறதே இதுதான்.

நானும் ரெண்டு வாசிப்புக்கும் நடுவுல ஒரு பொட்டு வச்சேன். மோட்டாரோட நம்பரை இல்லாத ஒரு இடத்துக்கு அனுப்புன்னு ஒரு வரி. அனுப்பி வாங்கிப் பிரிச்சுப் பார்த்தா, ரெண்டாவது வாசிப்பு அப்படியே இருக்கு, மெதுவாப் போற பகுதியும் திரும்பி வந்திருக்கு. ஆஸ்பத்திரி மூலமா எல்லா மோட்டாருக்கும் ஏத்தினோம். மௌலிக்கு நானே கூட இருந்து ஏத்தினேன். மறுநாள் அவர் கீழ் ஓவன் டிரேயை எடுத்தார். நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். மோட்டார் சத்தம் ஒரு கணம் இறங்கி, மறுபடி ஏறுச்சு. அந்தச் சத்தத்தை நினைச்சா இப்பவும் நெஞ்சு குளிர்ந்து போகும்.

அந்தச் சந்தோஷத்துலதான் நான் கெட்டேன். நம்மாளுங்களுக்கு ஒரு புத்தி இருக்கே, ஒரு வழி தெரிஞ்சா நாலு பேருக்குச் சொல்லணும், விளக்கமாச் சொல்லணும். மித்ராவுக்கு மரியாதையா ஒரு நீளமான புகார் எழுதினேன். ஐயா, இந்த வரி ஒண்ணுக்கும் உதவாதது, இதை வச்சா சரியா வருது, எடுத்தா தப்பா வருது, ஆக தப்பு உங்க பக்கம், இதோ அத்தாட்சின்னு. படிச்சாப் பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். அடுத்த தெருவுல டயாலிசிஸ் மெஷின் செய்யற கம்பெனிக்கும் அந்த வரியைக் கொடுத்தேன். அவங்களும் வச்சாங்க.

அடுத்த கையெழுத்துக்கு அனுப்பினப்ப, பொட்டு இல்லை. ரெண்டாவது வாசிப்பும் இல்லை. 'தேவையற்றவை நீக்கப்பட்டன'ன்னு கீழே ஒரு வரி. அடுத்த தெருக் கம்பெனியோடதும் போயிருச்சு. அவங்க முன்னாடியே வச்சிருந்த பழைய பொட்டுங்களும் சேர்ந்து போயிருச்சு. அங்க வேலை பார்க்கறவர் டீக்கடையில என்னைப் பார்த்தா இப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கறார்.

நாச்சிமுத்து அண்ணன் அன்னைக்கு என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "மித்ராவுக்குப் பதிலா மனுஷங்க பேசற திட்டம்னு ஒண்ணு தனியா இருக்காமா, அதுக்குப் பணம் கட்டிடறேன். ஒருக்கா மனுஷனோட பேசிப் பாரு கண்ணு" ன்னார்.

கட்டினார். ஒருத்தர் கூப்பிட்டார். பேரு அந்தோணி பெனடிக்ட், தூத்துக்குடியில உட்கார்ந்து பேசறார். வயசு கம்மிதான். நான் சொன்னதையெல்லாம் குறுக்க பேசாமக் கேட்டார். கேட்டு முடிச்சு, எழுதி வச்சதைப் படிக்கற மாதிரி வருத்தம் தெரிவிச்சார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, சித்த நேரத்துல என் சொந்த நம்பர்ல இருந்து கூப்பிடுதேன்" ன்னு சொல்லி வச்சுட்டார்.

கூப்பிட்டப்ப பின்னாடி லாரிச் சத்தம் கேட்டுச்சு. டீ குடிக்க வெளியில வந்திருப்பார் போல.

"எங்கிட்ட ரெண்டு பட்டன்தான்க்கா இருக்கு. ஒண்ணு வருத்தம் தெரிவிக்கது. இன்னொண்ணு புகாரை மூடுதது."

"உங்களுக்கு மேல இருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க தம்பி."

"மேல யாரும் இல்லக்கா. நானும் சேந்த புதுசுல தேடிப் பாத்துட்டேன். நான்தான் மேல."

"அப்ப நாங்க எழுதறதையெல்லாம் யாரு படிக்கறாங்க?"

"கம்பைலர்தான் படிக்கும். ஒவ்வொரு புகாரும் அதுக்குப் பாடம். நீங்க ரொம்ப நல்லா எழுதியிருந்திய. நானே படிச்சேன், எனக்கே வெளங்கிட்டு. இந்த வரி ஒண்ணுக்கும் ஆகாதுன்னு நீங்களே சொல்லிட்டிய. ஒண்ணுக்கும் ஆகாதத தூக்குததுதான அதுக்கு வேல."

"நான் அதைத் திருத்தச் சொல்லி எழுதினேன்."

"திருத்திக்கிட்டுக்கா. அது எப்படித் திருத்தும்னு நம்ம கையில இல்ல."

"இப்ப நான் என்னதான் பண்றது? என் வீட்டுக்காரர் நெஞ்சுல அந்த மோட்டார் ஓடுது."

லாரி ஒண்ணு போயிட்டு இருந்துச்சு.

"புதுசா ஒண்ணு வைங்க. காரணம் கேட்டா பொய்யா ஏதாவது எழுதுங்க. யாருட்டயும் சொல்லாதிய. எங்களுக்கு எழுதவே எழுதாதிய. நாலு எடத்துல ஒரே மாதிரி கண்டுச்சுன்னா அது மோந்து பிடிச்சிரும். நீங்க மட்டும் வச்சிருந்தா கொஞ்ச காலம் ஓடும்."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

"நாள் முழுக்க ஸாரி சொல்லிச் சொல்லி வாய் அலுத்துட்டுக்கா" ன்னார். அதுக்கப்புறம் நான் அவரைக் கூப்பிடலை. அவரும் கூப்பிடலை.

புதுப் பொட்டு வச்சேன். என்ன வரின்னு இங்கயும் சொல்ல மாட்டேன். காரணம்னு கேட்ட இடத்துல வாய்க்கு வந்த ஒரு பொய்யை எழுதினேன். நாச்சிமுத்து அண்ணன்கிட்டச் சொல்ல வாயெடுத்தேன். "நான் கேக்கலை, நீ சொல்லவும் வேண்டாம்" ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். ஒரு கையெழுத்துத் தாண்டுச்சு, இன்னொண்ணும் தாண்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கம்பைலர் திருப்பி அனுப்பினதை உடனே பிரிச்சுப் பார்ப்பேன். ரெண்டாவது வாசிப்பு அங்க இருக்கறதைப் பார்த்துட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

"இப்படியே எத்தனை நாளைக்கு அம்மிணி?" ன்னு ஒருநாள் மௌலி கேட்டார்.

"தெரியலை மாமா."

"தெரியலைன்னா விடு" ன்னு சொல்லிட்டு தேங்காய் பன்னைப் பாதியாப் பிச்சு எனக்குக் கொடுத்தார். அவருக்கு என் மேல அத்தனை நம்பிக்கை. அதைத் தூக்கிச் சுமக்கறதுதான் எனக்கு முடியலை.

இன்னைக்கு மத்தியானம் பேக்கரியில உட்கார்ந்திருந்தேன். தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்துச்சு.

"தாரணி மேடம்ங்களா? நான் யாஸ்மின், ஓசூர்ல இருந்து பேசறேன். தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க மேடம்."

சின்னக் கம்பெனியாம். புரோகிராம் எழுத இந்தப் பொண்ணு ஒருத்திதான். குறை மாசத்துல பிறந்த குழந்தைங்க வயித்துல கட்டற பட்டை செய்யறாங்க. குழந்தை மூச்சு விடறது நின்னுருச்சுன்னா அது சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடணும்.

"ஒருக்கா பார்த்து, கொஞ்சம் விட்டு இன்னொருக்கா பார்த்து, ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கான்னு பார்க்குங்க மேடம். ரெண்டு ஆஸ்பத்திரியில அது சத்தமே போடலை. ஒரு குழந்தையைக் காப்பாத்திட்டாங்க." அந்தப் பொண்ணு நிறுத்தினா. இன்னொரு குழந்தையைப் பத்திச் சொல்லலை, நானும் கேக்கலை. "மித்ராவுல போட்டேன். உங்க புகாரோட நகல்னு மூடிருச்சு. உள்ள படிக்க விடலை, உங்க பேரு மட்டும்தான் தெரிஞ்சுது. அங்க இங்க விசாரிச்சு நம்பரைப் பிடிச்சேன். உங்க மோட்டார்லயும் கம்பைலர் இந்த மாதிரி எதையாவது தூக்கிருச்சுங்களா? நீங்க என்ன பண்ணினீங்க மேடம்?"

எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரி. போன்லயே சொல்லிடலாம்.

சொன்னா வைப்பா. வச்சா ரெண்டு இடம் ஆகும். எங்க வரி வேண்டாம், நீயா ஒண்ணு யோசிச்சு வைன்னு சொல்லலாமேன்னும் தோணுச்சு. ஆனா விஷயம் தெரிஞ்சவ சும்மா இருப்பாளா? நல்ல பொண்ணு. பேச்சுலயே தெரியுது. மரியாதையா, விளக்கமா, அத்தாட்சியோட எழுதி அனுப்புவா. ரெண்டு வாசிப்புக்கு நடுவுல யாரு எதை வச்சாலும் சந்தேகப்படணும்னு அது கத்துக்கும். அப்புறம் வைக்கறதுக்கு எதுவும் இருக்காது. எழுதாதேன்னு சொல்லிப் பார்க்கலாம். குழந்தைங்க சாகற இடத்துல எழுதாதேன்னு நான் எந்த வாயால சொல்றது? சொன்னாத்தான் கேப்பாளா? நான் கேட்டிருப்பேனா?

கவுண்டர் பக்கத்துல யாரோ பாலைக் கொட்டிட்டாங்க. மௌலி துணியை எடுத்துக்கிட்டுக் குந்தி உட்கார்ந்து தரையைத் துடைச்சார். ஏதோ வேடிக்கை பேசிக்கிட்டே எந்திரிச்சார். நின்னார். ஒண்ணும் ஆகலை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்ம்மா" ன்னேன். "எங்களுது வேற பிரச்சினை. கம்பைலர்ல ஒண்ணும் இல்லை. எங்க புரோகிராம்லதான் தப்பு இருந்துச்சு. திருத்திட்டோம்."

அவளுக்குப் பின்னாடி ஏதோ மெஷின் ஓடிக்கிட்டு இருந்தது கேட்டுச்சு.

"அப்படிங்களா மேடம். அப்ப என்னுதுலதான் ஏதோ இருக்கு. நான் பாட்டுக்குக் கம்பைலர் மேல பழியைப் போட்டு இத்தனை நாளை வீணாக்கிட்டேன். முதல்ல இருந்து பார்க்கறேன்."

"பாருங்க."

"ரொம்ப நன்றி மேடம்" ன்னா. "இத்தனை நாள்ல எனக்குப் பதில் சொன்ன மனுஷங்க நீங்க ஒருத்தர்தான்."